பணிக்கு நடுவே படிப்பது – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பதினோரு ஆண்டுகளாக பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றி வருகிறேன். புறநோயாளிகள் பிரிவில் முதுகுவலி, தோள்வலி, முழங்கால் வலி என்று வருபவர்களையே நாள் முழுவதும் பார்க்கிறேன். தசை, எலும்பு, மூட்டு சார்ந்த பிசியோதெரபியில் உயர்நிலைப் பணிக்கான முதுநிலைப் பட்டத்தை, வேலையை விடாமல் பகுதிநேரமாக மூன்று ஆண்டுகளில் முடிக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. நீங்கள் அப்படிப் படித்தவர் என்பதால் கேட்கிறேன். வார இறுதிப் பயிற்சிகள் பலவற்றுக்குப் போய் நிறையச் சான்றிதழ்கள் வாங்கிவிட்டேன். கைமுறைச் சிகிச்சையில் இதற்கு மேல் எனக்கு என்ன கற்றுத்தரப் போகிறார்கள்? எனக்குக் கட்டுரை எழுத வராது. வீட்டில் ஆறு வயதுக் குழந்தை இருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு பதவி உயர்வாவது நிச்சயமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில், கைமுறைச் சிகிச்சையில் புதிதாகப் பெரிதாக எதுவும் கற்றுத்தர மாட்டார்கள் என்பதுதான். புதிய உத்திகளை எதிர்பார்த்துச் சேர்பவர்கள் முதல் பருவத்திலேயே ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அந்த எதிர்பார்ப்போடு போனவன்தான். அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்பதை விளக்க, முதல் ஆண்டில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி, நான்கு மாதமாகத் தோள்வலி என்று வந்திருந்தார். கையைத் தூக்கினால் வலி, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, பின்புறம் கை போகவில்லை என்றார். அறையின் மூலையில் என் வழிகாட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். பாதி தூக்கியதும் முகத்தைச் சுளித்தார். எதிர்ப்புக் கொடுத்துத் தசைகளைச் சோதித்தேன், வலித்தது. தோளைச் சுற்றியுள்ள தசைநாண்களின் கோளாறு என்று முடிவுகட்டி, பயிற்சி கொடுப்பதற்காக எலாஸ்டிக் பேண்டை எடுக்கத் திரும்பினேன். அப்போதுதான் வழிகாட்டி வாய் திறந்தார்: "கையை நீங்களே வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. அந்தப் பெண்மணியின் முழங்கையை மடக்கி இடுப்போடு ஒட்டி வைத்து, முன்கையை மெல்ல வெளிப்பக்கமாகத் திருப்பினேன். வலியில்லாத பக்கம் தாராளமாகத் திரும்பியது. வலித்த பக்கம் கொஞ்சம் திரும்பியதும் சுவரில் முட்டியதுபோல நின்றுவிட்டது. நோயாளி தானாகச் செய்ய முடியாத அசைவை நாம் செய்துவிட முயன்றாலும் முடியவில்லை என்றால், கோளாறு தசையில் இருப்பதைவிட மூட்டிலேயே இருப்பதற்கான வாய்ப்பு அதிகம்; உறைந்த தோள் என்று நாம் சொல்வது, அதாவது தோள்மூட்டு இறுகிப்போவது, அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். மூட்டுத் தேய்மானமும், கவனிக்கப்படாமல் போன பின்பக்க மூட்டு விலகலும் அதே அடையாளத்தோடு வரக்கூடும் என்பதால் எக்ஸ்ரே பார்க்க வேண்டியிருந்தது. சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டபோது, "உண்டு, ஆனால் அதற்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அந்தப் பெண்மணி வியந்தார். சர்க்கரை நோயாளிகளிடம் உறைந்த தோள் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது என்பது இளநிலைப் படிப்பிலேயே எனக்குச் சொல்லித்தரப்பட்டதுதான். அதையும் நான் கேட்டிருக்கவில்லை.

அவர் போன பிறகு வழிகாட்டி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "இந்தச் சோதனை உங்களுக்குத் தெரியாதது அல்ல. ஏன் செய்யவில்லை?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாவது நிமிடத்திலேயே நான் முடிவெடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு செய்த சோதனைகள் எல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி தேடியவையே தவிர, அதைச் சோதித்தவை அல்ல. எத்தனை ஆண்டுகளாக இப்படிச் செய்துகொண்டிருந்தேன் என்று எண்ணியபோது வியர்த்துவிட்டது. எனக்குக் கிடைத்த படிப்பு இதுதான். எந்த வார இறுதிப் பயிற்சியிலும் நாம் நோயாளியைப் பார்ப்பதை இன்னொருவர் மூலையில் அமர்ந்து பார்ப்பதில்லை.

ஆகையால் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் மணிநேரம் எத்தனை என்பதை முதலில் கேளுங்கள். தசை, எலும்பு, மூட்டு சார்ந்த பிசியோதெரபியின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1974-இல் தொடங்கப்பட்டது. ஐஎஃப்ஓஎம்பிடி என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். அதன் கல்வித் தரங்களில் இத்தகைய வழிகாட்டலுக்குக் குறைந்தது 150 மணிநேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைத் தராத பட்டமும் பட்டம்தான். ஆனால் உங்களைப்போலப் பதினோரு ஆண்டு அனுபவம் உள்ளவருக்குப் பாடப்பட்டியலைவிட இந்த எண்ணே முக்கியம் என்று நினைக்கிறேன். அந்த நேரம் எங்கே, யாரோடு, எந்த நாட்களில் என்பதையும் சேரும் முன்னரே கேட்டுவிடுங்கள், ஏனெனில் சில இடங்களில் வழிகாட்டியைத் தேடிப்பிடிக்கும் பொறுப்பு மாணவர் தலையிலேயே விழுந்துவிடுகிறது.

வகுப்பறைப் பாடங்களும் வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். படுத்திருப்பவரின் காலை நீட்டியபடி உயர்த்திப் பார்க்கும் சோதனையை நீங்களும் நானும் ஆயிரக்கணக்கான முறை செய்திருப்போம். முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதைக் கண்டறிய அது எவ்வளவு உதவுகிறது என்பதை, பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குச் சென்றவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2000-இல் மதிப்பிட்டார்கள். நோய் உள்ளவர்களில் 91 சதவீதம் பேரை அது பிடித்துவிடுகிறது. நோய் இல்லாதவர்களில் 26 சதவீதம் பேரை மட்டுமே சரியாக விலக்குகிறது. வலியில்லாத காலை உயர்த்தும்போது மறுகாலில் வலி எழுவதைப் பார்க்கும் சோதனையில் கணக்கு தலைகீழ்: 29 சதவீதமும் 88 சதவீதமும். அதாவது முதல் சோதனையில் வலி வந்தால் அதை வைத்து அதிகம் சொல்ல முடியாது, வராவிட்டால் ஓரளவு சொல்லலாம். இரண்டாவதில் வலி வந்தால்தான் செய்தி. இந்த வேறுபாட்டை அறியாமல் இரண்டிலும் "பாசிட்டிவ்" என்று ஒரே மாதிரி குறித்து வைத்தவன் நான்.

எம்.ஆர்.ஐ. அறிக்கைகளும் அப்படித்தான். வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளின் தொகுப்பு 2015-இல் வெளிவந்தது. அதன்படி டிஸ்க் தேய்மானம் இருபது வயதினரில் 37 சதவீதம் பேரிடமும், எண்பது வயதினரில் 96 சதவீதம் பேரிடமும் இருக்கிறது. அறிக்கையைக் கையில் இறுகப் பிடித்தபடி, "ஜவ்வு தேய்ந்துவிட்டதாம், இனி குனியவே கூடாதா?" என்று கேட்பவரிடம் அந்த எண்ணை எப்படிச் சொல்வது, எப்போது சொல்லாமல் இருப்பது என்பதும் பாடத்தில் வரும். எண்ணைச் சொல்லிவிட்டால் அச்சம் போய்விடும் என்று நான் நம்பியிருந்தேன், போகாது. அவர் வேலையில் எதைத் தூக்குகிறார், யார் அவரை என்ன சொல்லிப் பயமுறுத்தினார் என்று கேட்ட பிறகே அந்த எண்ணுக்குக் காது கிடைக்கும். மறுபுறம், இரு கால்களிலும் வலியோடு, சிறுநீர் கழிப்பதில் மாற்றமும், தொடையிடுக்கிலும் பிட்டத்திலும் மரமரப்பும் இருப்பதாகச் சொல்பவரை அன்றே அவசரச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். இதைக் கூச்சமில்லாமல், தெளிவான சொற்களில் கேட்கும் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியதும் அந்தப் படிப்புதான்.

பகுதிநேரம் என்ற சொல் சற்று ஏமாற்றுவது. பிரிட்டனில் முதுநிலைப் பட்டம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணிநேர உழைப்பு என்பது அங்குள்ள கணக்கு. 1,800 மணிநேரத்தை மூன்று ஆண்டுகளில் பரப்பினால், ஓய்வுக்குச் சில வாரங்களை விட்டுவிட்டு, வாரம் பன்னிரண்டு மணிநேரம் வருகிறது. வேறிடங்களில் கணக்கு மாறலாம், சுமை அதிகம் மாறுவதில்லை. இந்தப் பன்னிரண்டு மணிநேரம் எந்த நாட்களில், யாருடைய நேரத்திலிருந்து எடுக்கப்படும் என்பதை வீட்டில் உட்கார்ந்து தாளில் எழுதிப் பேசிவிடுங்கள். மேலதிகாரியிடம் வாரத்தில் அரை நாளாவது கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி, ஆள் குறைவான முதல் மாதத்திலேயே காணாமல் போய்விடும் என்பது என் அனுபவம். பிரிட்டனில் 60 கிரெடிட்டில் சான்றிதழோடும், 120 கிரெடிட்டில் பட்டயத்தோடும் வெளியேறவும் வழி உண்டு. குழந்தை சிறியதாக இருக்கையில் அப்படி ஒரு வாசல் இருப்பதே மனத்துக்குத் தெம்பு தரும்.

ஆனாலும், முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. சனிக்கிழமை படித்ததைத் திங்கட்கிழமை காலை முதல் நோயாளியே சோதித்துவிடுவார். படித்தது பொருந்தாமல் போகும் நாட்களே அதிகம் கற்றுத்தந்தன. இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒரு கட்டம் வரும். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாமல், இருபது நிமிடத்தில் முடித்த நோயாளிக்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டு, சேராமலே இருந்திருந்தால் நல்ல பிசியோதெரபிஸ்டாக இருந்திருப்போமே என்று தோன்றும். எனக்கு ஐந்து மாதம் அப்படி இருந்தது. உடன் படித்தவர்களில் இருவர் அந்தக் கட்டத்தில்தான் நின்றுவிட்டார்கள். அது வரும் என்று முன்கூட்டியே எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

கட்டுரை எழுத வராது என்பதைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். என் முதல் கட்டுரை, ஓரத்தில் ஒரே குறிப்போடு திரும்பி வந்தது: "என்ன செய்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்; ஏன் செய்தீர்கள் என்று எங்கும் இல்லை." மொழி நன்றாக இருந்தும் மதிப்பெண் குறைவு. அதே வகுப்பில், தட்டுத்தடுமாறி எழுதிய ஒருவர், தான் தவறாகக் கணித்த ஒரு முழங்காலைப் பற்றி மறைக்காமல் எழுதி என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கினார். ஆய்வேடு வேறு வகை உழைப்பு. அதற்குப் புள்ளியியலில் கொஞ்சம் பொறுமை வேண்டும். பெரிய கேள்வியை எடுத்துக்கொண்டு திணறாமல், உங்கள் பிரிவிலேயே கிடைக்கும் சிறிய கேள்வியாகப் பார்த்து எடுங்கள்.

பதவி உயர்வு நிச்சயமா என்று கேட்டீர்கள். இல்லை. பட்டம் வேறு, பதவி வேறு. இங்கிலாந்தில் 2017-இல் வெளியிடப்பட்ட பணிச்சட்டகம் உயர்நிலைப் பணிக்கு நான்கு தூண்களைச் சொல்கிறது: நோயாளிகளைப் பார்ப்பது, தலைமை, கற்பித்தல், ஆராய்ச்சி. முதுநிலைப் பட்டத்தின் அளவுக்கான படிப்பு அதற்கு அடிப்படை; ஆனால் அப்படி ஒரு பணியிடத்தை யாராவது உருவாக்கியிருந்தால்தான் அது கிடைக்கும். உங்கள் நிறுவனத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா, அதில் இப்போது இருப்பவர் என்ன செய்கிறார் என்று விசாரித்துவிட்டு, இல்லையென்றால் உயர்வைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுங்கள்.

விண்ணப்பத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த வாரம் புதிதாக வரும் மூன்று நோயாளிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு முடித்ததும், தொட்டுப் பார்ப்பதற்கு முன்பாக, என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள், எதைக் கண்டால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று ஒரு தாளில் இரண்டே வரி எழுதுங்கள். சோதித்து முடித்ததும் அதை எடுத்துப் படித்துப் பாருங்கள். இரண்டாவது வரி எழுத வராமல் பேனா நின்றுவிடும் நோயாளி யார், ஏன் என்று குறித்து வையுங்கள். விருப்பமிருந்தால், அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு எனக்கும் அனுப்புங்கள்.