பாதம் மரத்துப்போனால் முதலில் பி12 பாருங்கள்

எட்டு பி வைட்டமினுக்கும் எதெதைச் சாப்பிடலாம் என்று பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, சில மாதங்களாக இரண்டு பாதமும் மரத்தாற்போல இருக்கிறது, முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறது என்று, எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். நரம்பு போய்விட்டதோ, நடக்க முடியாமல் ஆகிவிடுமோ என்பதுதான் உங்கள் பயம். போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் பி12 குறைவு நரம்பின் மேலுறையைக் கெடுக்கும், கவனிக்காமல் விட்டால் அந்தச் சேதம் முழுதாகச் சரியாகாமலே நின்றுவிடலாம். அதனால் இந்த வாரமே ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள்.

உங்களுக்கு அது குறைய இரண்டு காரணம் இருக்கிறது. இறைச்சி, மீன், முட்டை எதுவும் தொடுவதில்லை, பாலும் பிடிக்காது என்கிறீர்கள். அதோடு சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்பார்மின். அந்த மாத்திரை குடலில் பி12 சேருவதைக் குறைக்கும். அதற்காக நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை நோயாலும் இதே மரமரப்பு வரும், 'சர்க்கரைதான் காரணம்' என்று எல்லாரும் விட்டுவிடுவதால்தான் பி12 குறைவு பலருக்குத் தெரியாமலே போகிறது.

இணையத்தில் பார்த்து நீங்களே வாங்கிப் போடும் வைட்டமின் மாத்திரைகளைப் பற்றி: தயவுசெய்து நிறுத்துங்கள். பி6-ஐ அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே பாதத்தை மரக்கச் செய்யும். ஃபோலிக் அமிலம், அதாவது மாத்திரையில் வரும் பி9, இன்னும் மோசமாக ஏமாற்றும், பி12 குறைவால் வந்த ரத்தசோகையை அது சரிசெய்துவிடும், பரிசோதனைத் தாளில் எல்லாம் நன்றாகத் தெரியும், உள்ளே நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். இதுவரை என்னென்ன போட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் பி12 உள்ள மாத்திரை போட்டிருந்தால் ரத்தத்தில் அளவு உயர்ந்து தெரியும்.

சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது மாத்திரையில் உள்ள பி2-ஆல், ஒன்றுமில்லை. முடி கொட்டுவதற்கு பயோட்டின் (பி7) குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். அதிக அளவில் பயோட்டின் போட்டால் தைராய்டு பரிசோதனை தவறாகக் காட்டும், அவ்வளவுதான் மிச்சம்.

சரி, சாப்பாடு. பி12 தவிர மற்றதெல்லாம் தீட்டாத தானியம், பருப்பு, பயறு, கீரை, கொட்டைகள் என்று கலந்து சாப்பிடுகிறவருக்குப் பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும், கணக்குப் போட வேண்டியதில்லை. கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஃபோலேட் (உணவில் உள்ள பி9) அதோடு போய்விடும். பி12 மட்டும் வேறு. பெரியவர்களுக்கு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும், ஆனால் அது இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான். சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பதாகச் சொல்வது பெரும்பாலும் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். பாலும் வேண்டாம் என்றால் பி12 சேர்த்த உணவோ மாத்திரையோ உங்களுக்குத் தொடர்ந்து தேவை. இப்போது குறைவு உறுதியானால் உணவை நம்பிக் காத்திருக்கக் கூடாது, ஊசியா மாத்திரையா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார்.

அதற்குள் கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, பரிசோதனை முடிவு வரட்டும் என்று இருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.