பிறவி அதிரீனல் நோய் உள்ள பிள்ளையை வளர்ப்பது எப்படி? யார் பக்கத்தால் வந்தது?

உங்கள் தங்கச்சியின் மூன்று கிழமைக் குழந்தைக்குப் பிறவி அதிரீனல் மிகைவளர்ச்சி என்று சொல்லியிருக்கிறார்கள், இது என்ன வருத்தம், பிள்ளை தப்புமா, யார் பக்கத்தால் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனுக்கும் இதே வருத்தம்தான். இப்போது வயது 8. யாழ்ப்பாணத்தில் தரம் 3 படிக்கிறான், பக்கத்து வீட்டு மதிலேறி மாங்காய் பிடுங்குகிறான். கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு வாசியுங்கள்.

எனக்கு இதை விளங்க வைத்தது அப்பாவின் வெங்காயத் தோட்டம். இறைக்கும்போது ஒரு பாத்திக்குப் போகும் வாய்க்கால் அடைபட்டால், அந்தப் பாத்தி காயும், பக்கத்துப் பாத்தி வெள்ளக்காடாகும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பி ஒரே மூலப்பொருளில் இருந்து, வருத்தத்தைத் தாங்க உதவும் கோட்டிசோல், உப்பைப் பிடித்துவைக்கும் அல்டொஸ்தெரோன், ஆண் ஓமோன் எல்லாவற்றையும் செய்கிறது. 21-ஐதரொக்சிலேசு என்ற நொதியம் பழுதானால் முதல் இரண்டுக்கும் வழி அடைபட்டு, மிச்சமெல்லாம் ஆண் ஓமோன் பக்கம் பாயும். இந்த வருத்தம் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் இந்த நொதியம்தான் காரணம். கோட்டிசோல் காணாது என்று மூளை இன்னும் வேகமாக மோட்டரைப் போடச் சொல்ல, சுரப்பியும் வீங்கிவிடுகிறது.

அல்டொஸ்தெரோன் இல்லாவிட்டால் உடம்பின் உப்பு சலத்தோடு போய்விடும். மகனுக்கு 16ஆம் நாள் சத்தி தொடங்கியது. முதலில் காட்டிய இடத்தில் பால் செமிக்கவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளில் உச்சி குழிந்து, அழவும் பலமில்லாமல் கிடந்தான். பெரியாஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தபோது சோடியம் இறங்கி, பொற்றாசியம் ஏறியிருந்தது. ஆண் பிள்ளையென்றால் வெளியே பெரும்பாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது, அதுதான் ஆபத்து. பெண் பிள்ளையென்றால் பெரும்பாலும் பிறந்த உடனே பிறப்புறுப்பில் தெரிந்துவிடும். ஆனால் கருப்பை, சூலகம் எல்லாம் உள்ளே முறையாகவே இருக்கும். ஆகவே ஆணோ பெண்ணோ என்று குசுகுசுக்கிற ஆட்களைத் தொட்டிலுக்குக் கிட்ட விடாதீர்கள்.

மருந்து, கோட்டிசோலுக்குப் பதிலாக ஐதரோகோட்டிசோன், நாளுக்கு மூன்று தரம். அப்புறம் அல்டொஸ்தெரோனுக்குப் பதிலாக புளூட்ரோகோட்டிசோன். கைக்குழந்தைக் காலத்தில் அளந்த உப்பும். 10 மில்லிகிராம் குளிசையை வெள்ளைத் தட்டில் வைத்து, பிளேட்டால் நாலாக வெட்டுவோம். வெள்ளைத் தட்டில் பொடி தெரியவில்லை என்று மனைவி பிறகு நீலத் தட்டுக்கு மாற்றினா. நாலு துண்டும் ஒருநாளும் ஒரே அளவாக வராது. "ஸ்டீரொயிட் கூடாது, நிப்பாட்டுங்கோ" என்று உங்களுக்கும் ஆட்கள் சொல்வார்கள். உடம்பு செய்யவேண்டியதைத்தான் நாங்கள் வெளியில் இருந்து கொடுக்கிறோம். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

அளவு குறைந்தால் ஆண் ஓமோன் ஏறி, பிள்ளை கிடுகிடுவென்று உயரும். சொந்தக்காரர் "நல்ல வளர்த்தி" என்று மெச்சுவார்கள். எலும்பு முந்தியே முதிர்ந்து, பிறகு உயரம் நின்றுவிடும். அளவு கூடினாலும் உடம்பு வைத்து வளர்ச்சி குன்றும். அதனால்தான் கிளினிக்கில் ஓயாமல் உயரம் அளக்கிறார்கள், இடைக்கிடை கையை எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

எங்களைப் பயமுறுத்துவது காய்ச்சல் நாள்தான். சுகமான உடம்பு காய்ச்சலில் கோட்டிசோலைத் தானாகக் கூட்டிக்கொள்ளும். இவர்களுடையது கூட்டாது. அதனால் ஐதரோகோட்டிசோனை இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டும். எவ்வளவு என்று கிளினிக்கில் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். குளிசையையும் சத்தி எடுத்துவிட்டால் விடியட்டும் என்று பொறுக்காதீர்கள், உடனே ஐதரோகோட்டிசோன் ஊசி போட வேண்டும். ஒருமுறை இரவு இரண்டு மணிக்கு அப்படி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, எழுப்பப்பட்ட கோபத்தில் ஓட்டோக்காரர் வழிமுழுக்க ஒரு சொல்லும் பேசவில்லை. இறக்கிவிட்டுக் காசும் வாங்கவில்லை.

சரி, யார் பக்கத்தால்? எங்கள் வீட்டிலும் இந்த வழக்கு நடந்தது. நானும் மனைவியும் சொந்த மச்சான் மச்சாள் என்றபடியால் இரண்டு பக்கத்துப் பாட்டியும் ஒரே ஆள், சண்டை அதோடு முடிந்தது. தாய், தகப்பன் இருவரிடமும் ஒவ்வொரு பழுதான மரபணு இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். அவர்களிடம் வருத்தத்தின் அறிகுறி ஒன்றும் தெரியாது. சொந்தத்துக்குள் கட்டினால் வாய்ப்புக் கூடும், வெளியில் கட்டினாலும் வரலாம். ஒவ்வொரு கருவுக்கும் நாலில் ஒரு பங்கு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேர் தப்புவார்கள் என்று கணக்குப் போடக்கூடாது. எங்கள் இரண்டாவது பிள்ளையான மகளுக்குப் பிறந்த மூன்றாம் நாளே இரத்தம் எடுத்துப் பார்த்தோம். அவளுக்கு இல்லை. அண்ணனின் குளிசை நேரத்தை இப்போது அவள்தான் கத்திச் சொல்கிறாள்.