கொத்தமல்லி புதன்கிழமை வரை தாங்குவதில்லையே?

கேள்வி: அக்கா, ஞாயிறுதோறும் தேக்கா சந்தையில் கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை வாங்குகிறேன். வீட்டுக்கு வந்ததும் நன்றாகக் கழுவி, பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். புதன்கிழமை எடுத்தால் கொத்தமல்லி கொழகொழவென்று இருக்கிறது, கறிவேப்பிலை கறுத்துவிடுகிறது. எங்கே தவறு?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: கழுவி வைக்கிறீர்களே, அங்கேதான் சகோதரி. வாடாமல் இருக்கக் கடையிலேயே தண்ணீர் தெளித்துத்தான் வைத்திருப்பார்கள். அதன்மேல் நீங்களும் கழுவிப் பையை இறுக்கிக் கட்டினால், ஈரம் போக வழியில்லாமல் இலை அழுகிவிடும். சமைக்கும்போது கழுவினால் போதும்.

வந்ததும் ரப்பர் பேண்டைக் கழற்றுங்கள். கட்டின் நடுவில்தான் முதலில் அழுகும். பழுத்த இலை, நசுங்கிய தண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, செய்தித்தாளில் பரப்புங்கள். ஊரில் என் அம்மா முற்றத்தில் போட்டால் பத்து நிமிடத்தில் ஈரம் போய்விடும். இங்கே காற்றிலேயே ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருப்பதால் சும்மா வைத்தால் காயாது. நான் மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம் விடுவேன். அப்புறம் ஒரு பழைய போத்தலில் இரண்டு விரல்கடைத் தண்ணீர் ஊற்றி, கொத்தமல்லியை வேரோடு நிற்க வையுங்கள். இலைமேல் ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். என் வீட்டில் பத்து நாள்வரை பச்சையாக இருக்கிறது. புதினாவுக்கும் இதே முறைதான். பக்கத்தில் ஆப்பிள் மட்டும் வேண்டாம். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு இலையைச் சீக்கிரம் பழுக்க வைத்துவிடும்.

கறிவேப்பிலையைக் காயவைத்துப் பொடிபோல எடுத்து வைப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது, வாசனையில் பாதி போய்விடுகிறது. ஈரம் துடைத்து, உருவி, டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். எடுத்ததும் உருகவிடாமல் நேராகத் தாளிக்கும் எண்ணெயில் போட வேண்டும். வெளியே வைத்து உருகவிட்டால் கறுத்துவிடும். எண்ணெய் தெறிக்கும், மூடியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலில் வாசனைக்குப் போடும் பாண்டான் இலையும் அப்படித்தான். முடிச்சுப் போட்டு ஃபிரீசரில் வைக்கலாம் என்று பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் (மலாயில் ஆன்ட்டி) சொல்லிக்கொடுத்தார். தேங்காய்ச் சோற்றுக்கு ஒரு முடிச்சை அப்படியே போட்டுவிடுவேன்.

தாய்லாந்துத் துளசி வாங்கினால் ஃபிரிட்ஜ் பக்கமே கொண்டுபோகாதீர்கள். குளிர் பட்டால் கறுத்துவிடும். ஒரு கிளாஸ் தண்ணீரில் செருகி, வெயில் படாத இடமாகப் பார்த்துச் சமையல் மேடையிலேயே வையுங்கள்.