கழற்றும் நாளில் யார் வருவார்?
வாசகர் கேள்வி பதில்

(இந்த இதழில் பதில் சொல்பவர், காரைக்குடிப் பக்கம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பள்ளத்தூரில் வசிக்கிறார்.)

கேள்வி: என் மாமனாரின் ஐயா கட்டிய வீடு இது. நானும் சமையலுக்கு இருக்கும் பெண்ணும் மட்டும்தான் இருக்கிறோம். சிங்கப்பூரிலிருக்கும் மகன் 10 கிலோவாட் சோலார் போடச் சொல்கிறான். பேரனோ, "அப்பத்தா, அது 25 வருஷத்தில் விஷக் குப்பையாகிவிடும், செய்கிற இடத்தில் ஆட்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறார்கள்" என்கிறான். போடலாமா, வேண்டாமா?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

ஆச்சி, பேரன் வெறும் வாய்க்குப் பேசவில்லை. அவன் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. இருந்தாலும் போடுங்கள் என்றுதான் சொல்வேன். பேனலைச் செய்ய எவ்வளவு மின்சாரம் செலவானதோ, அதை நம் வெயிலில் ஒன்றிரண்டு வருஷத்திலேயே அது திருப்பித் தந்துவிடும். அதன்பிறகு இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும்.

ஆனால் 10 கிலோவாட் வேண்டாம். 2 போதும். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் வரும். வளவில் (நடு முற்றத்தில்) காற்றும் வெளிச்சமும் தானாக இறங்கும் வீட்டில், இரண்டு பேர் 8 யூனிட்டைச் செலவழிப்பதே சிரமம். தேவைக்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொரு பேனலையும் ஒருநாள் யாரோ கீழே இறக்கியாக வேண்டும்.

அந்த இறக்குகிற நாளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பத்து வருஷம் முன்பு என் வீட்டு மாடியில் ஆறு பேனல் போட்டேன். போன ஐப்பசியில் தென்னை மட்டை விழுந்து ஒன்று நொறுங்கிவிட்டது. போட்டுக்கொடுத்தவர்களின் நம்பருக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை. நேரில் போனேன். ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டேன். சுற்றியிருந்த அலுமினியச் சட்டத்தையும் செம்பு ஒயரையும் கழற்றிக்கொண்டு, "மிச்சம் எதுக்கும் ஆகாது சார்" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மிச்சம்தான் பேனலின் எடையில் பெரும்பங்கு. பேனலில் முக்கால் பங்கு எடை கண்ணாடிதான். பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பழைய வீட்டைப் பிரித்தால் பர்மாத் தேக்குத் தூண், நிலை, கதவு, குமிழ், பித்தளைக் கொக்கி வரைக்கும் அங்கே வந்துவிடும். இழைத்து மூட்டிய மரம், ஆப்பைத் தட்டினால் கழன்றுவரும். பேனலை அப்படிச் செய்யவில்லை. கண்ணாடிக்கும், வெயிலை மின்சாரமாக்குகிற சிலிக்கான் செல்லுக்கும் நடுவே எத்திலீன் வினைல் அசிடேட் என்கிற படலத்தை வைத்து, 150 டிகிரி சூட்டில் அழுத்தி ஒட்டிவிடுகிறார்கள். ஈரம் உள்ளே போகாமல் இருக்க அந்த ஒட்டு வேண்டும். பிரிக்கப் போனால் அதே ஒட்டு விடுவதில்லை. உள்ளே இருக்கிற சில கிராம் வெள்ளியும் சிலிக்கானும் வீணாகின்றன. இப்போது வருகிற படிப்பாளிகள் யோசிக்க வேண்டியது இதைத்தான்: இன்னும் கொஞ்சம் அதிக மின்சாரம் தருகிற பேனலைவிட, கழன்றுவருகிற பேனல் நமக்கு அவசரம்.

விஷம் என்று பேரன் சொல்வது பற்றவைப்பில் இருக்கும் ஈயத்தை. பேனல் முழுசாக இருக்கும்வரை அது வெளியே வராது, உங்கள் தலைக்கு மேல் இருப்பதில் பயமில்லை. நொறுக்கிக் குப்பைமேட்டில் கொட்டி, அதன்மேல் மழை இறங்கும்போதுதான் கசியும். நம் ஊர்களில் மழைத்தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஊருணியைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். இன்னொன்று, 25 வருஷம் என்பது பேனல் சாகிற வயசு இல்லை. அப்போதும் அதில் 80 சதவீதம் அளவுக்குத் திறன் இருக்கும். மாட்டுக்கொட்டகைக்கோ தோட்டத்து மோட்டாருக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

சட்டம் இருக்கிறது. 2022-இல் வந்த மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. சோலார் பேனலும் அதில் அடக்கம். 2034-35 வரை சேருகிற பேனல் கழிவைத் தயாரிப்பாளரே பத்திரமாகச் சேமித்து வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. போட்டுக்கொடுத்தவர் காணாமல் போனாலும் தயாரித்தவரின் பொறுப்பு போகாது. நானும் என் உடைந்த பேனலின் முதுகிலிருந்த எண்ணைக் குறித்து, தயாரித்த கம்பெனிக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன். நீங்கள் என்னைப்போல் பின்னால் அலைய வேண்டாம். பில்லில் ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். "உடைந்தாலும் பழசானாலும் நாங்களே எடுத்துக்கொள்வோம்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். போடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கட்டாய வேலை என்பது சீனாவின் சிஞ்சியாங் பகுதியைப் பற்றியது. உலகத்தில் பேனலுக்கான சிலிக்கானில் பாதிக்குக் கிட்ட ஒரு சமயம் அங்கேதான் தயாரானது. அங்கே உய்குர் மக்களை வற்புறுத்தி வேலை வாங்குவதாகப் புகார் எழுந்து, அந்தப் பகுதிச் சரக்கைத் தடுக்க அமெரிக்கா 2021-இல் சட்டமே போட்டது. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் வாங்க, சிலிக்கான் செல், பேனல் இரண்டுமே இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். ஆனால் அந்த செல்லுக்கு அடியான சிலிக்கான் தகடு இன்னும் பெரும்பாலும் சீனாவிலிருந்தே வருகிறது. அதனால் பேரனின் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. "தகடு எங்கிருந்து வந்தது?" என்று விற்பவரிடம் அவனையே கேட்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

தூரத்து ஆட்களைப் பற்றிக் கவலைப்படும்போது, உங்கள் கூரையில் ஏறுகிற பையனையும் நினையுங்கள். என்னிடம் படித்த ஒருவன் இப்படி ஒரு பெரிய வீட்டில் ஓட்டுச் சரிவில் கால் வழுக்கி விழுந்தான். இடுப்பில் கயிறு இல்லை. நாள் கூலி, இன்சூரன்ஸ் கிடையாது. எட்டு மாதம் படுக்கையில் இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பார்த்த அன்று, வகுப்பில் மின்சாரத்தைப் பற்றிச் சொன்ன அளவுக்கு உயரத்தைப் பற்றி நான் சொல்லவில்லையே என்று மனசு உடைந்துபோனேன். ஆகவே ஓட்டின்மேல் வேண்டாம், பின்கட்டு மொட்டை மாடியில் போடுங்கள். ஓடும் பிழைக்கும். ஆட்கள் இடுப்புக் கயிறு கட்டினால்தான் ஏணியைத் தொடலாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

பேட்டரி தேவையில்லை, நேராக மின்வாரிய லைனோடு சேர்க்கிற வகையே போதும். வீட்டில் பழைய இன்வெர்ட்டர் பேட்டரி கிடந்தால் விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். தெருவில் வருபவரிடம் போட்டால், எங்கோ ஒரு கொல்லையில் ஈயத்தை உருக்குவார்கள், அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் மூளைக்கே கெடுதல். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்), பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போனது. அது இருக்கிற ஊர்க்காரர்கள் நாம், இதில் அலட்சியம் கூடாது.

கேள்வி: வாரம் ஒருமுறை போர் தண்ணீரில் பேனலைக் கழுவுகிறேன். வெள்ளையாகப் படிகிறதே?
– வாசகர், கானாடுகாத்தான்

உப்பு. உடனே நிறுத்துங்கள். முற்றத்துத் தாழ்வாரத்தில் அண்டா வைத்துப் பிடிக்கிற மழைத்தண்ணீரில் ஒரு வாளி எடுத்து, விடியற்காலையில், கண்ணாடி சூடேறும் முன் மெல்லிய துணியால் துடையுங்கள். தூசி அதிகமுள்ள மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். மழைக்காலத்தில் வானமே கழுவிவிடும்.

கேள்வி: கல்லல் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் மானாவாரி நிலம். சோலார் கம்பெனிக்கு 28 வருஷக் குத்தகைக்குக் கேட்டு ஏஜென்ட் வருகிறார். அப்பா சரி என்கிறார். அந்த நிலத்தில் ஆட்டுக் கிடை போடும் கீதாரி (ஆடு மேய்ப்பவர்), "எங்களுக்கு என்ன வழி?" என்று கேட்கிறார்.
– கல்லூரி மாணவர்

தம்பி, கீதாரியின் கேள்வியை நீ எழுதியதில் எனக்குச் சந்தோஷம். கர்நாடகத்தில் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா இருக்கிறது. நிலத்தை விலைக்கு வாங்காமல் ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய் என்று குத்தகைக்கு எடுத்தார்கள், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்டினார்கள். மழை பொய்த்த பூமியில் நிலம் வைத்திருந்தவருக்கு அது நிம்மதி. ஆனால் அந்த நிலத்தில் கூலிக்குப் போனவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் குத்தகைப் பணத்தில் பங்கு இல்லை.

அப்பாவிடம் இதைச் சொல். பவர் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டாம், பதிவு செய்த குத்தகை மட்டும். முடிவில் தூணையும் கான்கிரீட்டையும் தோண்டி எடுத்து, உழுகிற நிலமாகத் திருப்பித் தர வேண்டும், அதற்கு முன்பணம் கட்ட வேண்டும். பேனலுக்கு அடியில் புல் வளரும், நிழலும் உண்டு. தாங்கியை உயர்த்திக் கட்டினால் ஆடு மேயலாம், கம்பெனிக்கும் களை வெட்டும் செலவு மிச்சம். செம்மறிக்கு மட்டும்தான் இது. வெள்ளாடு மேலே ஏறும், ஒயரைக் கடிக்கும். மேய்ச்சல் உரிமையைக் கீதாரி பெயரிலேயே எழுதச் சொல்.

கண்மாய்க்குப் போகிற வரத்துக்கால் உங்கள் நிலத்தில் ஓடுகிறதா என்று தாலுகா ஆபீஸில் புலப்படம் வாங்கிப் பார். நிலத்தைச் சமப்படுத்தும்போது அதை மூடிவிட்டால் கண்மாய்க்குக் கீழே பாசனம் பெறுகிற ஆயக்கட்டு நிலம் முழுக்கக் காயும். படத்தில் இல்லாத ஓடையும் இருக்கும். கையெழுத்துக்கு முன், ஒரு சாயங்காலம் அந்தக் கீதாரியைக் கூட்டிக்கொண்டு வரப்பைச் சுற்றி நடந்துவா. தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று அவர் காட்டுவார், குறித்துக்கொள்.