அது சிற்பியின் பெயரல்ல

ரோமானியர் வழிபட்ட மித்ரஸ் கடவுளின் லண்டன் பளிங்குப் பலகையில் ‘உல்பியஸ் சில்வானஸ்’ என்றிருப்பது சிற்பியின் பெயரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, காணிக்கை வைத்தவரின் பெயர். 1889இல் வால்புரூக் பகுதியில் கிடைத்த பலகை அது. பெயருக்கு அடுத்த ‘எமெரிட்டஸ்’, ரோமானியப் படையின் இரண்டாம் அகஸ்டா படையணியில் சேவை முடித்தவர் என்கிறது. ‘வோட்டும் சோல்விட்’ என்ற லத்தீன் தொடர்தான் முக்கியம்: நம் பேச்சில் சொன்னால், நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டார்.

கடைசியில் வரும் ‘ஃபாக்டஸ் அரவுசியோனே’தான் சிக்கல்; ‘அரவுசியோவில் ஆக்கப்பட்டவர்’ என்கிறதே தவிர, என்னவாக என்று சொல்லவில்லை. அரவுசியோ என்பது தெற்கு பிரான்சில் உள்ள ஒராஞ்ச் நகரம். அங்கே படையில் சேர்ந்தார் என்பார்கள் சிலர். மித்ரஸ் தீட்சை பெற்றார் என்பார்கள் வேறு சிலர். காணிக்கைக் கல் என்பதால் எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது.

அப்புறம், பலகையில் மித்ரஸ் காளையைக் கொல்லும் காட்சியைச் சுற்றி ஓடும் வட்டம் வெறும் பூவேலை இல்லை. பலகையின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், 12 ராசிகளும் இருக்கும்.