டிரம்பெட்டைப் போன்ற ஊதுகருவியான கார்னெட்டை வாசிக்கும் கலைஞர் ஒருவரின் ஜாஸ் தொகுப்பை முதன்முதலாகக் கேட்க விரும்புபவருக்கு எதைப் பரிந்துரைப்பீர்கள்?

தயக்கமின்றி அமெரிக்கக் கார்னெட் கலைஞர் மக்ஸி ஸ்பானியரின் ‘தி கிரேட் சிக்ஸ்டீன்’ தொகுப்பைத்தான் சொல்வேன். இது ஆல்பமாகத் திட்டமிடப்பட்டதன்று. 1939 ஜூலை முதல் டிசம்பர் வரை, சிகாகோவிலும் நியூயார்க்கிலும் ப்ளூபேர்ட் இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவருடைய ‘ராக்டைம் பேண்ட்’ என்ற குழு பதிவு செய்த, ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும் 16 பாடல்களே பின்னாளில் ஒரே இசைத்தட்டாகத் தொகுக்கப்பட்டன.

நடனத்துக்கேற்ற ஜாஸ் வகையான ஸ்விங்கை வாசிக்கும் பெரிய இசைக்குழுக்கள் கோலோச்சிய அந்த ஆண்டில், ஏழெட்டுப் பேரே கொண்ட இக்குழு ஜாஸின் தொடக்ககால வடிவமான பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணியைக் கையில் எடுத்தது. கார்னெட் மெட்டை நடத்திச் செல்ல, ராட் கிளெஸ்ஸின் கிளாரினெட் அதற்கு மேலும், ஜார்ஜ் ப்ரூனிஸின் டிராம்போன் கீழுமாக இழையும்போது எந்தக் குரலும் மற்றொன்றை மறைப்பதில்லை. ஸ்பானியர் வேகத்தைக் காட்டுபவர் அல்லர். உச்ச ஸ்வரங்களைத் தேடிப் போகாமல், சில ஸ்வரங்களையே சரியான இடத்தில் அழுத்தி வைத்துக் குழு முழுவதையும் உந்துகிறார். இந்த அடக்கத்தையே நான் அவருடைய மேதைமையாகக் கருதுகிறேன்.

அதை நெருங்கி உணர ‘ரிலாக்ஸிங் அட் தி டூரோ’வைக் கேளுங்கள். 1938-இல் கடுமையாக நோயுற்ற ஸ்பானியர் நியூ ஆர்லியன்ஸ் நகரின் டூரோ மருத்துவமனையில் உயிர் பிழைத்தார். அதன் நினைவாக, 23 வயதேயான பியானோ கலைஞர் ஜோ புஷ்கினுடன் சேர்ந்து அமைத்த மெதுவான ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களிடையே பிறந்த, துயரம் தோய்ந்த இசை வடிவம்) இது. புஷ்கினின் பியானோ தொடங்கி வைத்தபின், கார்னெட்டின் ஒலி வெளிவரும் அகன்ற வாயை ரப்பர் கிண்ணத்தால் மூடியும் திறந்தும் ஸ்பானியர் எழுப்பும் ஒலி, பேச்சுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. துயரம் இருக்கிறது, ஆனால் புலம்பல் இல்லை.

அந்த உத்தியை அவர், இளமையில் சிகாகோவில் நேரில் கேட்டு வளர்ந்த மூத்த கார்னெட் கலைஞர் கிங் ஆலிவரிடமிருந்து பெற்றார். ஆகவே அடுத்ததாக ‘டிப்பர் மவுத் ப்ளூஸ்’ பாடலை, ஆலிவரின் 1923-ஆம் ஆண்டுப் பதிவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பது நல்லது. ஆலிவரின் புகழ்பெற்ற தனி வாசிப்பை ஸ்பானியர் பெரிதும் மாற்றாமல் பின்பற்றினாலும், தாளத்தின் மீது அவர் சாயும் விதம் முற்றிலும் 1939-க்கு உரியது.

போதிய வாய்ப்புகள் கிடைக்காமல் அவ்வாண்டு முடிவதற்குள் இக்குழு கலைந்துபோனது என்பதை இன்றும் என்னால் வருத்தமின்றி நினைக்க முடியவில்லை.