லினாரெஸ் 1994 செஸ் போட்டி, கார்போவ் (வெள்ளை) – டொபலோவ் (கறுப்பு): கேள்வி பதில்

முதல் நகர்த்தல் டி4. அப்புறம் எப்படி இதை சிமெட்ரிக்கல் இங்கிலீஷ் (வெள்ளையின் சி4-க்குக் கறுப்பு சி5 என்று பதில் சொல்கிற ஓப்பனிங், அதாவது தொடக்க முறை) என்கிறார்கள்?

வந்த வழி வேறு, சேர்ந்த இடம் அதுதான். சி4-க்கு சி5 என்று தொடங்கி, இருவரும் ராஜா பக்கக் குதிரையை எடுத்து, பிறகு டி4-ல் சிப்பாய்கள் வெட்டிக்கொண்டாலும் இதே நிலைதான் வரும். அதனால் ஓப்பனிங் பட்டியலில் ஏ33 என்ற பிரிவில் வைக்கிறார்கள்.

எதிரியைக் காப்பியடிக்கிற ஓப்பனிங். டிராதானே ஆகும்?

கடைசிவரை யார் காப்பியடிக்கிறார்கள்? டி4 வந்ததுமே சமச்சீர் கலைந்துவிடும்.

பத்தாவது நகர்த்தலில் கறுப்புக் குதிரை எச்5-க்கு வந்து எஃப்4 பிஷப்பைத் தாக்குகிறது. கார்போவ் ஏன் பிஷப்பை நகர்த்தவில்லை? இரட்டைச் சிப்பாய் (ஒரே நெடு வரிசையில் இரண்டு சிப்பாய்) கெடுதல் இல்லையா?

பார்க்க அசிங்கம்தான். அவர் அமைதியாக இ3 ஆடினார். குதிரை பிஷப்பை வெட்ட, இ சிப்பாய் எஃப்4-ல் திரும்ப வெட்டியது. இரட்டைச் சிப்பாய் உருவானது. கூடவே வெள்ளைக்கு இ ஃபைல் (நெடு வரிசை) திறந்தது. 14-வது நகர்த்தலில் யானை இ1-க்கு வந்து சும்மா நின்றது. 20-ல் அதே யானை இ6 சிப்பாயை வெட்டியது; 21-ல் ஜி6-ஐச் செக்கோடு வெட்டிப் பலியானது. எல்லோரும் 18-வது நகர்த்தலில் குதிரை சி5-க்குப் பாய்ந்ததைத்தான் கொண்டாடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஆட்டத்தின் உயிர் இ3-ல் இருக்கிறது.

அந்த சி5 குதிரையை டொபலோவ் வெட்டாமல் விட்டிருக்கலாமே?

விட்டால் அது டி7 பிஷப்பையும் ஏ6 சிப்பாயையும் தாக்கிக்கொண்டே இருக்கும். வெட்டினால் டி6 சிப்பாய் விலகி, டி2 ராணிக்கு டி7 வரை வழி கிடைக்கிறது. அவர் வெட்டினார், பிஷப் போனது.

சரி, இ6-க்கு வந்த யானையை எஃப் சிப்பாயால் வெட்டினால்?

ராணி இ6-ல் செக்கோடு வெட்டும், அடுத்து ஜி2 பிஷப் சி6 குதிரையை எடுக்கும். கணக்கில் வெள்ளைக்கு ஒரு யானை போய் ஒரு குதிரையும் இரண்டு சிப்பாயும் மிச்சம். ஆனால் கறுப்பு ராஜாவுக்குக் கூரையே இருக்காது. டொபலோவ் அதற்குப் பதில் யானையை ஏ7-ல் வைத்து ராணியைத் தாக்கினார்.

28-ல் இன்னொரு யானையையும் கொடுக்கத்தான் வேண்டுமா?

டி4 பிஷப்தான் கறுப்பின் முக்கியக் காவல். அதை யானையால் வெட்டியதும் ராணி எஃப்6, ஜி6 என்று செக் மேல் செக் கொடுத்து உள்ளே நுழைந்தது. 36-ல் ஏ7 யானையும் வெட்டுப்பட்டது. 39-ல் டொபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

கார்போவ் அப்போது ஓய்ந்துபோனவர் இல்லையா?

வயது 42, எதிரே 18 வயதுப் பையன். அந்தப் போட்டியில் 13 ஆட்டத்தில் 11 புள்ளி எடுத்தார். அடுத்து வந்த காஸ்பரோவும் ஷிரோவும் 8.5. ஓய்ந்தவர் எடுக்கிற புள்ளியா அது!